தரநிலையின் ஒரு வாக்கியம் இரு பொருள் தரும்போது

சி போன்ற நிரல்மொழிகளுக்கு, அவற்றின் விதிகளை வகுத்துச் சொல்லும் தரநிலை நூலை ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அமைப்பு வெளியிடுகிறது என்பது நிரல் எழுதுவோர் பலருக்கும் தெரியும். அதைத் திறந்து படித்தவர்கள் குறைவு. படித்து, ஒரு வாக்கியத்தின் பொருளில் ஐயம் கொண்டு, அந்த ஐயத்தை முறையாகத் தீர்த்துக்கொண்டவர்கள் அதனினும் குறைவு. பாளையங்கோட்டையில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி அந்தத் தரநிலையைப் பத்தி பத்தியாகப் படித்துவருகிறோம். அங்கே எங்களுக்குப் பழகிவந்த முறையை, இதே வேலையில் இறங்க விரும்புவோருக்குப் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை ஐயத்தை நிறுவுவது

ஒரு வாக்கியம் ‘குழப்பமாக இருக்கிறது’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எவரிடமும் போக முடியாது. குழப்பம் வாக்கியத்தில் இருக்கிறதா, படித்தவரிடம் இருக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கு நம் ஊர்க் கால்வாய்ப் பாசனத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். பிசானப் பயிர் கதிர்விடும் நேரத்தில் நீர் குறைந்துபோக, ‘நாளை முதல் மேலமடையும் கீழமடையும் ஒருநாள் விட்டு ஒருநாள் திறக்கப்படும்’ என்று பலகையில் எழுதி வைப்பதாகக் கொள்வோம். இரண்டு மடைகளும் நாளை சேர்ந்து திறந்து, மறுநாள் சேர்ந்து மூடப்படும் என்று ஒருவர் படிக்கலாம். நாளை மேலமடை, மறுநாள் கீழமடை என முறைவைத்துத் திறக்கப்படும் என்று இன்னொருவர் படிக்கலாம். இருவரும் தமிழ் அறிந்தவர்களே. இருவர் படிப்புக்கும் அந்த வாக்கியம் இடம் தருகிறது. இந்த வேறுபாட்டை ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம்: மறுநாள் காலையில் கீழமடை திறந்திருக்குமா? முதல் படிப்பின்படி இல்லை, இரண்டாவது படிப்பின்படி ஆம். அந்தக் கேள்வி கிடைத்த பிறகுதான் ஐயம் நிறுவப்பட்டதாகிறது.

தரநிலையிலும் இதையே செய்யுங்கள். ஐயத்துக்குரிய வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி, அதன் கீழே இரண்டு படிப்புகளையும் தனித்தனி வாக்கியங்களாக, இனி வேறு பொருள் கொள்ள முடியாதபடி விரித்து எழுதுங்கள். பிறகு ஒரு படிப்பின்படி ஒரு விடையும், மற்றப் படிப்பின்படி வேறு விடையும் தரும் சிறு நிரல் ஒன்றை எழுதுங்கள். பத்து வரிக்குள் அடங்குவது நல்லது. அப்படி ஒரு நிரலை எழுதவே முடியவில்லை என்றால், உங்கள் கையில் இருப்பது நடைக் குறை. பொருள் மயக்கம் இல்லை. அதையும் சொல்லலாம், ஆனால் அது பதிப்பாசிரியர் திருத்திக்கொள்ளும் சிறு பிழையாகவே போய்ச் சேரும்.

ஐயத்தின் வகையைக் குறித்துக்கொள்வதும் பயன் தரும். நன்னூல் ஒரு நூலில் இருக்கக் கூடாத குற்றங்கள் பத்து என்று வகுக்கிறது. அவற்றுள் மூன்று இந்த வேலைக்கு அப்படியே பொருந்துகின்றன. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் அது குன்றக் கூறல். ஓரிடத்தில் சொன்னதற்கு மாறாக வேறோரிடத்தில் சொன்னால் மாறுகொளக் கூறல். ஒரே வாக்கியம் இரு பொருளுக்கு இடம் தந்தால் மயங்க வைத்தல். மூன்றுக்கும் மருந்து வேறு. குன்றக் கூறியதற்குப் புதிய வாக்கியம் வேண்டும், மாறுகொளக் கூறியதில் ஒன்றை நீக்க வேண்டும், மயங்க வைத்ததில் பெரும்பாலும் ஒரு சொல்லை மாற்றினால் போதும். நன்னூலுக்கு விருத்தியுரை கண்ட சங்கர நமச்சிவாயர் திருநெல்வேலிக்காரர். அவ்வுரையைத் திருத்தி விரித்த சிவஞான முனிவர் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். ஒரு சூத்திரத்தின் ஒவ்வொரு சொல்லையும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுப் படிக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதன்று என்பதில் எனக்கு உள்ளபடியே பெருமிதம் உண்டு.

வாக்கியத்தை அதன் நூலுக்குள் வைத்துப் படித்தல்

ஐயங்களில் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். தரநிலை அன்றாட ஆங்கிலத்தில் எழுதப்பட்டதுபோல் தோன்றினாலும், அதன் முக்கியமான சொற்கள் எல்லாம் அந்த நூலே தனக்கென வகுத்துக்கொண்ட குறியீடுகள். சி தரநிலையின் மூன்றாம் பிரிவு சொல்வரையறைகளுக்காகவே இருக்கிறது. ஐயத்துக்குரிய வாக்கியத்தில் வரும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அங்கே தேடிப் பார்க்காமல் மேலே செல்லாதீர்கள்.

எல்லாவற்றிலும் முதலாகக் கவனிக்க வேண்டிய சொல் ‘ஷால்’. ஐ.எஸ்.ஓ. நூல்களில் அது கட்டாயத்தைக் குறிக்கும். ஆனால் சி தரநிலையில் அந்தக் கட்டாயம் எந்தத் தலைப்பின் கீழ் நிற்கிறது என்பதைப் பொறுத்து, மீறினால் நேரும் விளைவு மாறும். ‘கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் வரும் ‘ஷால்’ மீறப்பட்டால் கம்பைலர், அதாவது நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள், ஓர் எச்சரிக்கையாவது தந்தே தீர வேண்டும். அந்தத் தலைப்புக்கு வெளியே வரும் ‘ஷால்’ மீறப்பட்டால் நிரலின் நடத்தை ‘அன்டிஃபைன்ட்’ ஆகிவிடும். அதாவது, அதன் பிறகு என்ன நடந்தாலும் தரநிலை அதைப் பற்றி எதுவும் சொல்லாது. நான்காம் பிரிவு இதை வெளிப்படையாகச் சொல்வதோடு, நடத்தையைப் பற்றி நூல் வாய்திறக்காமல் விட்டாலும் அதுவும் ‘அன்டிஃபைன்ட்’தான் என்று சேர்த்துச் சொல்கிறது. ஆகவே குன்றக் கூறல் என்று நீங்கள் கருதிய மௌனத்துக்குக்கூட இந்த நூலில் ஒரு பொருள் இருக்கக்கூடும்.

அடிக்குறிப்புகளும் எடுத்துக்காட்டுகளும் விளக்கத்துக்காக மட்டுமே. அவை எவரையும் கட்டுப்படுத்தா. ஐயத்தை ஓர் அடிக்குறிப்பு தீர்த்துவைப்பதுபோல் தோன்றினால், அது உங்களுக்கு எழுதியவரின் கருத்தைக் காட்டுகிறது, அவ்வளவே. விதி மூலப் பத்தியில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டும் விதியும் மோதினால் விதியே நிற்கும்.

பொது விதிகள் வேறு இடத்தில் உட்கார்ந்திருப்பதும் உண்டு. மொழியோடு ஆயத்தமாக வரும் ஃபங்ஷன்களை (பெயர் சொல்லி அழைக்கும் நிரல்துண்டுகளை) விவரிக்கும் லைப்ரரிப் பகுதியில், ஒரு ஃபங்ஷனைப் பற்றிய வாக்கியங்கள் அந்த ஃபங்ஷனின் பத்தியில் மட்டும் இருப்பதில்லை. அந்தக் குடும்பத்தின் தலைப்புப் பத்தியிலும், அதற்கும் மேலே லைப்ரரி முழுமைக்குமான பொதுப் பத்தியிலும் இருக்கும். மூன்றையும் ஒரே தாளில் எடுத்தெழுதி அருகருகே வைத்தால்தான் முழு விதி கண்ணுக்குத் தெரியும்.

இலக்கணம் மயங்கும் இடத்தை உரைநடை தீர்த்துவைப்பதற்கும் உதாரணம் உண்டு. ஓர் ‘இஃப்’ (‘இப்படியானால்’ என்ற நிபந்தனை) உள்ளே இன்னோர் ‘இஃப்’ வந்து, கடைசியில் ஒரே ஓர் ‘எல்ஸ்’ (‘இல்லாவிட்டால்’) வந்தால், அது எதற்குரியது என்பதை இலக்கண விதிகள் மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அருகில் முன்னே நிற்கும் ‘இஃப்’ எதுவோ அதற்கே உரியது என்று தனியாக ஒரு வாக்கியம் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. இலக்கண வரிகளை மட்டும் பார்த்து ஐயம் எழுப்பியவர், அடுத்த பத்தியைப் படித்திருந்தால் எழுப்பியிருக்க மாட்டார்.

வேண்டுமென்றே தளர்வாக விட்டது எது?

தரநிலை சில இடங்களில் தெரிந்தே இடைவெளி விடும். அதை மயக்கம் என்று எண்ணித் திருத்தப் போவது வீண்வேலை. -7 ஐ 2 ஆல் வகுத்தால் சி மொழியில் முழுவெண் விடையாக என்ன வரும்? 1990ஆம் ஆண்டுப் பதிப்பின்படி -3 வரலாம், -4 உம் வரலாம். எது என்பதைக் கம்பைலர் எழுதியவர் தேர்ந்து, தம் கையேட்டில் குறித்துவிட வேண்டும். எந்திரத்துக்கு எந்திரம் வகுத்தல் கட்டளை வேறுபட்டிருந்ததால், வேகத்தை இழக்காமலிருக்க அப்படி விடப்பட்டது. 1999ஆம் ஆண்டுப் பதிப்பு அந்தத் தளர்வை நீக்கி, பூச்சியத்தை நோக்கி வெட்டிவிட வேண்டும் என்று விதித்தது, விடை -3. ஃபோர்ட்ரான் மொழியில் நெடுங்காலமாக அப்படியே இருந்ததும், அதனால் அங்கே எவரும் வேகக் குறைவென்று வருந்தாததும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 1990ஆம் ஆண்டு வாக்கியத்தில் மயக்கம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது தெளிவாகத்தான் பேசியது. தேர்வைப் பிறர் கையில் கொடுத்தது, அவ்வளவே. அதை மாற்றக் கேட்பவர், வாக்கியம் விளங்கவில்லை என்று சொல்லக் கூடாது. முடிவு மாற வேண்டும் என்று சொல்லி, அதற்குரிய காரணங்களைத் தர வேண்டும்.

நெருங்கிப் பார்க்க ஒரு வாக்கியம்

எங்களை இந்தப் படிப்புக்குள் இழுத்துவந்த வாக்கியத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிணற்று மோட்டார்களைக் கைபேசியிலிருந்து இயக்கும் சிறு கருவி ஒன்றுக்கு நாங்கள் நிரல் எழுதினோம். எந்தெந்தக் கைபேசி எண்கள் மோட்டாரை இயக்கலாம் என்ற பட்டியல் நினைவகத்தில் இருக்கும். ஓர் எண்ணை நீக்கினால், ஒதுக்கிய நினைவக இடத்தின் அளவை மாற்றும் ‘ரீஅலாக்’ ஃபங்ஷன் மூலம் பட்டியல் சுருங்கும். எங்கள் மேசையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வயலுக்குப் போன கருவியில், கடைசி எண்ணையும் நீக்கிய மறுநிமிடம் கருவி தானாக அணைந்து மீண்டும் எழுந்தது. எண்களின் எண்ணிக்கை பூச்சியமானபோது ‘ரீஅலாக்’ ஃபங்ஷனுக்கு அளவாகப் பூச்சியம் போயிருந்தது; திரும்பி வந்தது நல் பாயின்டர் (நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டுவது பாயின்டர், எந்த இடத்தையும் சுட்டாதது நல் பாயின்டர்). எங்களுடன் வேலை பார்த்த தம்பி அன்று கேட்ட கேள்விதான் இன்றுவரை எனக்கு ஐயத்தை நிறுவுவதற்கான இலக்கணம்: “அண்ணாச்சி, நல் வந்தா பழைய இடம் போயிட்டுன்னு அர்த்தமா, இன்னும் கெடக்குன்னு அர்த்தமா?”

2011ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துப் படித்தோம். தொடர்புடைய வாக்கியங்கள் சிதறிக் கிடந்தன. அவற்றின் கருத்தைத் தமிழில் தருகிறேன்; இவற்றில் ‘பொருள்’ என்பது நினைவகத்தில் ஒதுக்கப்பட்ட இடத்தைக் குறிக்கும். நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்களின் குடும்பத்துக்கான தலைப்புப் பத்தி: கேட்ட அளவு பூச்சியமானால், நல் பாயின்டர் திரும்பலாம், அல்லது பூச்சியமல்லாத ஏதோ ஓர் அளவு கேட்டதுபோல் நடக்கலாம், எது என்பது கம்பைலர் தரப்பின் தேர்வு. ‘ரீஅலாக்’ பத்தியின் தொடக்கம்: இந்த ஃபங்ஷன் பழைய பொருளை விடுவித்து, புதிய பொருளைச் சுட்டும் பாயின்டரைத் தரும். அதே பத்தியில் பின்னால்: புதிய பொருளுக்கு நினைவகம் ஒதுக்க இயலாவிட்டால், பழைய பொருள் விடுவிக்கப்படாது.

‘ஒதுக்க இயலாவிட்டால்’ என்ற இடத்தில்தான் மயக்கம். அளவு பூச்சியம் என்பதால் லைப்ரரி தானே தேர்ந்து நல் பாயின்டரைத் தந்தால், அது இயலாமையா? நல் வந்தது என்றாலே ஒதுக்க இயலவில்லை என்றுதான் பொருள், ஆகவே பழைய பொருள் உயிரோடு இருக்கிறது என்பது ஒரு படிப்பு. லைப்ரரிக்கு இயலாமை எதுவும் இல்லை, அது ஒதுக்காமல் விட்டது, ஆகவே விதிவிலக்கு இங்கே பொருந்தாது, தொடக்க வாக்கியத்தின்படி பழைய பொருள் விடுவிக்கப்பட்டுவிட்டது என்பது மறு படிப்பு. முதல் படிப்பின்படி, நல் வந்த பிறகு பழைய இடத்தை நாமே விடுவிக்க வேண்டும். விடுவிக்காவிட்டால் நினைவகம் வீணாகும். மறு படிப்பின்படி, நாம் விடுவித்தால் ஒரே இடத்தை இரு முறை விடுவித்ததாகி, நிரலின் நடத்தை ‘அன்டிஃபைன்ட்’ ஆகும். அளவாகப் பூச்சியம் தந்து நல் பெறும் ஒரு நிரல் இரண்டு படிப்புகளுக்கும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. இதைவிடத் தெளிவான மயக்கத்தை நான் அந்த நூலில் கண்டதில்லை.

இந்த இடத்தில் இரண்டு சான்றுகளைத் தேட வேண்டும். முதலாவது, பழைய பதிப்புகள். 1990ஆம் ஆண்டு நூலில், அளவு பூச்சியமாகவும் பழைய பாயின்டர் நல் அல்லாததாகவும் இருந்தால் பழைய பொருள் விடுவிக்கப்படும் என்று நேரடியாகவே ஒரு வாக்கியம் இருந்தது. 1999ஆம் ஆண்டு நூலில் அந்த வாக்கியம் இல்லை. ஒரு வாக்கியம் எந்தப் பதிப்பில் வந்தது, எதில் மறைந்தது என்று பார்ப்பது எழுதியவர்களின் மனத்தை அறிய நல்ல வழி. அச்சு நூலை விலை கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் இறுதி நூலை ஒட்டிய வரைவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1999ஆம் ஆண்டு நூலுக்கும் அதன் திருத்தங்களுக்கும் என்1256 என்ற வரைவும், 2011ஆம் ஆண்டு நூலுக்கு என்1570 என்ற வரைவும் பலரும் கையாள்பவை. இரண்டாவது சான்று, புழக்கத்தில் உள்ள லைப்ரரிகள். லினக்ஸில் பெரும்பாலும் இருக்கும் குனு சி லைப்ரரி, அளவு பூச்சியமானால் பழைய இடத்தை விடுவித்து நல் பாயின்டரைத் தரும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் லைப்ரரி நல் அல்லாத பாயின்டரைத் தரும். ஒரு கம்பைலர் என்ன செய்கிறது என்பது விதி ஆகாது. ஆனால் பொறுப்போடு எழுதப்பட்ட இரண்டு லைப்ரரிகள் வேறுவேறாக நடந்தால், விதியை எழுதிய வாக்கியத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே போதிய சான்று.

தமிழில் எழுதிப் பார்த்தல்

எங்கள் கூட்டத்தில் நாங்கள் மிகவும் நம்பும் கருவி இது. ஐயத்துக்குரிய ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் முழுமையாக எழுதிப் பாருங்கள். ஆங்கிலம் மூடிவைத்த இடத்தைத் தமிழ் திறக்கச் சொல்லும். ‘மே நாட்’ என்பதைத் தமிழில் எழுதப் போனால், ‘செய்யக் கூடாது’ என்று எழுதுவதா, ‘செய்யாமலும் இருக்கலாம்’ என்று எழுதுவதா என்று கை தானாக நிற்கும். ஐ.எஸ்.ஓ. தன் எழுத்து விதிகளில், தடையைச் சொல்ல ‘மே நாட்’ என்பதைப் பயன்படுத்தாதீர்கள், ‘ஷால் நாட்’ என்றே எழுதுங்கள் என்று அறிவுறுத்துவது இதே காரணத்தால்தான். ‘மே’ என்ற சொல்லும் அப்படியே. ‘செய்யலாம்’ என்ற அனுமதி ஒன்று, ‘நேரலாம்’ என்ற வாய்ப்பு வேறொன்று. அனுமதியாக இருந்தால், யாருக்கு அனுமதி, நிரல் எழுதுபவருக்கா கம்பைலர் எழுதுபவருக்கா என்ற கேள்வியும் உடன் எழும். எதிர்மறையோடு வரும் ‘ஆல்’ என்ற சொல், ‘எதுவும் இல்லை’ என்றும் ‘எல்லாமும் அப்படி இல்லை’ என்றும் பிரியும். நாங்கள் ‘ரீஅலாக்’ வாக்கியத்தில் இயலாமைக்கும் செய்யாமைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுகொண்டதே, ‘ஒதுக்க இயலாவிட்டால்’ என்று எழுதிவிட்டு, ‘ஒதுக்காவிட்டால்’ என்பதற்கு அருகில் வைத்துப் பார்த்தபோதுதான்.

திருத்தத்தை எழுதுதல்

சி மொழிக் குழு இந்த மயக்கத்தை 400ஆம் எண்ணுள்ள குறையறிக்கையில் எடுத்துக்கொண்டது. அதன் முடிவு 2018இல் வெளிவந்த பதிப்பில் இடம்பெற்றது. அதை எழுதியிருக்கும் விதம் பாடமாகப் படிக்கத் தக்கது. ‘ஒதுக்க இயலாவிட்டால்’ என்பது ‘ஒதுக்கப்படாவிட்டால்’ என்று மாறியது. பிறகு நேர்வு இரண்டாகப் பிரிக்கப்பட்டது: அளவு பூச்சியம் அல்லாதபோது ஒதுக்கப்படாவிட்டால் பழைய பொருள் விடுவிக்கப்படாது, அளவு பூச்சியமாக இருக்கும்போது ஒதுக்கப்படாவிட்டால், பழைய பொருள் விடுவிக்கப்படுமா என்பது கம்பைலர் தரப்பின் தேர்வு, அவர்கள் அதைத் தம் ஆவணத்தில் குறிக்க வேண்டும். மயக்கம் போய்விட்டது. தேர்வு மட்டும் எஞ்சியது. 2024இல் வெளிவந்த அடுத்த பதிப்பு, அளவாகப் பூச்சியம் தருவதையே ‘அன்டிஃபைன்ட்’ ஆக்கிவிட்டது. என் மனத்துக்கு இந்தக் கடைசி மாற்றம் உவப்பாக இல்லை. வாக்கியம் தெளிந்தது உண்மை, ஆனால் முன்பு தம் லைப்ரரியின் ஆவணத்தைப் பார்த்துச் சரியாக எழுதியவர்களின் நிரலும் அதனால் பிழை ஆகிவிட்டது.

நீங்கள் திருத்தம் எழுதும்போது, மூல வாக்கியத்தை முழுதாகத் தூக்கி எறிந்து புதிதாக எழுதும் ஆசை வரும். அதற்கு இடம் தராதீர்கள். புதிய வாக்கியம் புதிய மயக்கங்களைக் கொண்டுவரும். பழைய வாக்கியத்தை நம்பி நூலின் வேறு பத்திகள் நிற்கக்கூடும். மாற்ற வேண்டிய சொல்லை மட்டும் மாற்றுங்கள். ஒரு பொருளுக்கு நூல் முழுதும் ஒரே சொல்லையே வழங்குங்கள். அழகுக்காக வேறு சொல் இட்டால், படிப்பவர் அது வேறு பொருள் என்றே கொள்வார், கொள்ளவும் வேண்டும். ‘அது’, ‘இது’ என்ற சுட்டுகளுக்குப் பதிலாகப் பெயரையே திரும்ப எழுதுங்கள். கூறியது கூறல் இங்கே குற்றமில்லை. எழுதி முடித்ததும், நீங்கள் முதலில் எழுதிய பத்து வரி நிரலைப் புதிய வாக்கியத்துக்கு எதிரே வைத்து, இப்போது ஒரே விடைதான் வருகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு, இந்த விஷயத்தை அறியாத ஒருவரிடம் வாக்கியத்தை மட்டும் கொடுத்து விடை கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் அப்படிக் கேட்டதில் திருத்தங்கள் பலமுறை விழுந்திருக்கின்றன.

குறையறிக்கையில் இருக்க வேண்டியவை: பதிப்பும் பத்தி எண்ணும், மூல வாக்கியம், இரண்டு படிப்புகள், பிரித்துக் காட்டும் நிரல், லைப்ரரிகளின் நடத்தை, முன்வைக்கும் சொல்மாற்றம், அந்த மாற்றத்தால் எந்த நிரல்கள் பாதிக்கப்படும் என்ற கணக்கு. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், குழுவினர் முதலில் கேட்பது அதைத்தான். ஐ.எஸ்.ஓ.வில் உறுப்பினராக இருப்பவை நாடுகளின் தர அமைப்புகள். இந்தியாவுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம். சி++ மொழிக்கு, மொழிப் பகுதிக்கும் லைப்ரரிப் பகுதிக்கும் தனித்தனியாகக் குறைப்பட்டியல்கள் பொதுவில் பேணப்படுகின்றன. புதிதாக எழுதும் முன் அவற்றில் தேடுங்கள். உங்கள் ஐயம் அங்கே ஏற்கெனவே ஓர் எண் பெற்றிருக்கக்கூடும், அதற்குக் குழு தந்த விடையும் கூடவே இருக்கும்.

விடை வரப் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை உங்கள் நிரல் இரண்டு படிப்புகளிலும் சரியாக இருக்கும்படி எழுதப்பட வேண்டும். மோட்டார்க் கருவியில் நாங்கள் செய்தது இதுதான்: எண்ணிக்கை பூச்சியமா என்று முதலில் பார்த்து, ஆம் என்றால் இடத்தை விடுவிக்கும் ‘ஃப்ரீ’ ஃபங்ஷனை நாமே அழைத்துவிட்டு, பாயின்டரை நல் ஆக்கிவிடுவது, பூச்சியம் அல்லாதபோது மட்டும் ‘ரீஅலாக்’ ஃபங்ஷனிடம் போவது. அந்த இடத்தில் நிரலுக்கு மேலே இரண்டு வரிக் குறிப்பும் எழுதி, தரநிலையின் எந்தப் பத்தியால் இந்தச் சோதனை அங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்திருக்கிறோம். பின்னால் வருபவர் அது தேவையற்ற வரி என்று எண்ணி நீக்கிவிடக் கூடாது.